இரண்டு பாகம் வெள்ளைத் துணி

"ஐயோ மாதாவே!"

அம்மா போட்ட சத்தத்தில் றொஷேலின் கையிலிருந்த பூச்சாடி நழுவப் பார்த்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மண்டபத்தின் சுவர்ப் பக்கம் ஓடினாள்.

அங்கே அம்மா பெற்றிசியா வாயில் கையை வைத்தபடி நின்றார். அவருக்கு முன்னால் ஒரு நீள மேசை. அதன்மேல் புத்தம் புதிய வெள்ளை விரிப்பு. மறுபக்கத்தில் பஸ்ரியன் மாமா விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, பேயைக் கண்டவர் போல விழித்தார்.

"என்னம்மா நடந்தது?"

"கீழ பார் பிள்ளை, கீழ பார்!"

றொஷேல் குனிந்து பார்த்தாள். விரிப்பு தரையைத் தொடவில்லை. அரை அடிக்கு மேலேயே நின்றுவிட்டது. அதற்குக் கீழே மேசையின் துருப்பிடித்த இரும்புக் கால்கள் தெரிந்தன. ஒரு காலுக்கு அடியில் செங்கல் துண்டு. இன்னொரு காலுக்கு வலைக்கயிற்றால் கட்டுப் போட்டிருந்தார்கள்.

"மேசை கட்டைக் காற்சட்டை போட்ட மாதிரி இருக்கு," என்றாள் றொஷேல்.

அம்மா சிரிக்கவில்லை. அடுத்த விரிப்பை உதறி அடுத்த மேசையில் போட்டார். அதுவும் கட்டை! மூன்றாவதும் கட்டை. நான்காவதை விரிக்கும்போது அம்மா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஒரு கண்ணை மட்டும் மெல்லத் திறந்தார்.

"அதுவும் கட்டைதான் அக்கா," என்றார் மாமா மிக மெதுவாக.

அன்று தலைமன்னார்க் கோயிலில் பிள்ளைகளுக்கு முதல் நன்மை, முதன்முறையாக நற்கருணை வாங்கும் நாள். பூசை முடிந்ததும் வெள்ளை உடுப்பும் கையில் மெழுகுதிரியுமாகப் பிள்ளைகள் மண்டபத்துக்கு வருவார்கள். சுவர் ஓரமாகப் போட்ட நீள மேசைகளில், எல்லோரையும் பார்த்தபடி ஒரே வரிசையில் அமர்ந்து சாப்பிடுவார்கள். பெற்றோரும் சொந்தக்காரரும் எதிரே கதிரைகளில் இருந்து அவர்களைப் பார்ப்பார்கள்.

அம்மா எத்தனையோ வீட்டு விசேசங்களுக்குச் சமைத்துக் கொடுத்திருக்கிறார். ஆனால், "மேசை அலங்காரமும் நீங்களே செய்யுங்கோ," என்று பாதர் சொன்னது இதுதான் முதல் தடவை. அதைக் கேட்ட நாள் முழுவதும் அம்மாவுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

இப்போது அதே கால்கள் அசையாமல் நின்றன.

"துணி குறைய வழியே இல்லை," என்றார் அம்மா. "நான் முழு உருளையாத்தானே தைக்கச் சரீபாவிட்டைக் குடுத்தனான். அப்ப மிச்சத் துணி எங்க?"

அம்மா தொலைபேசியை எடுத்தார்.

"சரீபா! என்ன வேலை செய்து வச்சிருக்கிறாய்? எல்லா விரிப்பும் கட்டையாக் கிடக்கு. என்ர துணியை வெட்டி எடுத்திட்டியோ?"

மறுபக்கத்தில் இணைப்புத் துண்டிக்கப்பட்டது.

றொஷேலுக்கு விரிப்பைப் பார்த்தபோது வந்த அதிர்ச்சியைவிட இது பெரிது. அம்மாவும் சரீபா அன்ரியும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். பெருநாள் என்றால் அன்ரி வீட்டு வட்டிலப்பம் இங்கே வரும். நத்தார் என்றால் அம்மாவின் கேக் அங்கே போகும். அந்த அன்ரியைப் பார்த்தா அம்மா இப்படிக் கேட்டார்?

"அம்மா, அன்ரி அப்பிடிச் செய்ய மாட்டா."

"அப்ப துணி என்ன, தானாச் சுருங்கினதோ?"

றொஷேல் பூச்சாடியைக் கீழே வைத்துவிட்டு விரிப்பின் கரையைத் திருப்பிப் பார்த்தாள்.

சற்று நேரத்தில் மண்டப வாசலில் சைக்கிள் ஒன்று தடாலென்று சாய்ந்தது. சரீபா அன்ரி பெரிய பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கண்கள் சிவந்திருந்தன. பையை அம்மாவின் காலடியில் போட்டார்.

"இந்தா, உன்ர மிச்சத் துணி. நாளைக்குக் கொண்டுவந்து தர எடுத்து வச்சிருந்தனான். இதில ஒரு நூல்கூட எனக்கு வேண்டாம் பெற்றி."

அம்மா பையைத் திறந்தார். உள்ளே வெள்ளைத் துணி மடிப்பு மடிப்பாக இருந்தது. அம்மாவின் முகமும் அந்தத் துணி போலவே வெளுத்தது.

"அப்ப... ஏன் கட்டையா வெட்டினனீ?"

"பஸ்ரியன் சொன்ன அளவுக்குத்தான் வெட்டினனான். நீளம் ரெண்டு பாகம். அகலம் ஒண்டேகால் பாகம்."

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா திடுக்கிட்டு ஓர் அடி பின்னால் வைத்தார்.

"ஓம், அதைத்தான் நான் சொன்னனான்! தரையில தொடங்கி, மேல ஏறி, மேசைக்குக் குறுக்கால போய், அங்கால தரைக்கு இறங்கி அளந்தனான். கணக்குப் பிழைக்காது. வாழ்நாள் முழுக்க நான் வலையை இப்பிடித்தானே அளக்கிறன்."

மாமா சொன்ன முறையும் சரிதான். மேசைப் பலகையை மட்டும் அளந்து துணி வெட்டினால், ஓரத்தில் தொங்குவதற்குத் துணி இருக்காது. ஒரு பக்கம் தொங்கும் துணி, மறுபக்கம் தொங்கும் துணி, நடுவில் பலகை, மூன்றையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும்.

"சொன்னதும் சரி. வெட்டினதும் சரி. பிறகு எப்பிடிப் பிழைச்சது?" அம்மா தலையில் கை வைத்தார்.

றொஷேல் மாமாவை அண்ணாந்து பார்த்தாள். கடற்கரையில் தோணியின் பாய்மரம் போல நெடுநெடுவென்று நின்றார். அவருக்குப் பக்கத்தில் நின்ற சரீபா அன்ரியின் தலை மாமாவின் தோளுக்குக்கூட வரவில்லை.

"அன்ரி, நீங்கள் எதால அளந்தனீங்கள்?"

"கையாலதான். எங்கட வாப்பாவும் கடலுக்குப் போனவர்தானே. பாகம் எண்டால் எனக்குத் தெரியாதோ?"

"ரெண்டு பேரும் முதுகோட முதுகு ஒட்டி நில்லுங்கோ. கையை விரியுங்கோ!"

பாகம் என்பது இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால் ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மற்ற நடுவிரல் நுனி வரை உள்ள நீளம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கையை விரித்த நீளமும் ஆளின் உயரமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். நெட்டையான ஆளுக்கு நெடிய பாகம். கட்டையான ஆளுக்குக் கட்டைப் பாகம். ஒரே ஆள் ஒரே வலையை அளக்கும்வரை அதனால் ஒரு தொல்லையும் வராது.

மாமாவும் அன்ரியும் கைகளை விரித்தார்கள். அன்ரியின் விரல் நுனி மாமாவின் மணிக்கட்டைக்கூட எட்டவில்லை.

மூன்று பெரியவர்களும் ஒரே நேரத்தில் வாயைப் பிளந்தார்கள்.

"ரெண்டு பாகத்துக்கு ரெண்டு தரம் குறைஞ்சிருக்கு," என்றாள் றொஷேல்.

"என்ர அந்தோனியாரே! இது என்ர கையால வந்த வினையோ!" மாமா தன் கையையே பயத்தோடு பார்த்தார்.

அம்மா அன்ரியின் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கோயிலிலிருந்து நன்மைப் பாட்டுக் கேட்டது.

"பூசை முடியப் போகுது!" அம்மா பதறினார்.

"மிச்சத் துணியைக் கரையில ஒட்டித் தைக்கலாம். ஆனால் மெசின் வீட்டில கிடக்குதே," என்றார் அன்ரி.

றொஷேல் மேசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். இன்னும் எவ்வளவு துணி வேண்டும் என்று பார்க்க விரிப்பைக் கீழே இழுத்தாள். அது வழுக்கிக்கொண்டு வந்து தரையைத் தொட்டது.

"ஏய், ஏய்! இழுக்காதை! இங்கால இன்னும் குறையுது!" என்று மறுபக்கத்திலிருந்து மாமா கத்தினார்.

"இங்கால எண்டால் எங்க மாமா?"

"இங்கதான், சுவர்ப் பக்கம்!"

றொஷேல் துள்ளி எழுந்தாள்.

"சுவர்ப் பக்கத்தை ஆர் பாக்கப் போறது? அங்க பிள்ளைகள்தானே இருக்கப் போறாங்கள். சனம் பாக்கிறது இந்தப் பக்கம் மட்டும்தானே!"

அம்மா அவளைப் பார்த்தார். விரிப்பைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

"அப்ப மேசையின்ர ரெண்டு நுனியிலும் குறையுதே?" என்று கேட்டார் அன்ரி.

"நாலு மேசையையும் ஒட்டிப் போடுவம் அன்ரி. அப்ப நடுவில நுனியே இல்லை. முதல் மேசை விரிப்பை அந்தப் பக்கம் தள்ளுவம், கடைசி மேசை விரிப்பை இந்தப் பக்கம் தள்ளுவம். ரெண்டு கரையும் தரையைத் தொடும்."

பிறகு அங்கே யாரும் சும்மா நிற்கவில்லை. மேசைகள் கிறீச்சிட்டுக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டின. அம்மா ஒரு நுனியைப் பிடிக்க, அன்ரி மறு நுனியைப் பிடித்தார். விரிப்பு வழுக்கி விழாமல் இருக்க, மாமா பின்பக்க மூலைகளை வலைக்கயிற்றால் மேசைக் கால்களில் கட்டினார். விரிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடங்கள் மட்டும் மடிப்பாகத் தெரிந்தன. அன்ரி மிச்சத் துணியை நீளமாக மடித்து, மேசையின் நடுவால் ஒரு வெள்ளைப் பாதை போல ஓடவிட்டார். மடிப்புகள் மறைந்தன. றொஷேல் அதன்மேல் பூச்சாடிகளை வைத்தாள்.

வேலை முடிந்ததும் அன்ரி பையை மடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

"சரீபா, நில்லு." அம்மா பின்னால் ஓடினார். "நான் கேட்டது பிழை. உன்னைப் பாத்து அப்பிடிக் கேட்ட வாயை..."

"அந்த வாயாலதான் பள்ளிக்கூடத்தில எனக்காக ரீச்சரோட சண்டை பிடிச்சனீ," என்றார் அன்ரி, திரும்பாமல். "எண்டாலும் நோகுது பெற்றி."

"எனக்குத் தெரியும்."

அப்போது வாசலில் மெழுகுதிரிகள் தெரிந்தன. பாதரோடு பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். பின்னால் வந்த மறைக்கல்வி ரீச்சர் நிறஞ்சலா மேசையைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"பெற்றிசியா, இது எங்கட பழைய மேசையளோ? நம்பவே முடியேல்லை! ஆர் தைச்சது?"

அம்மா அன்ரியின் கையைப் பிடித்து மண்டபத்தின் நடுவுக்கு இழுத்துவந்தார்.

"சரீபா தைச்சது!" அந்தச் சத்தம் பின்வரிசை வரை கேட்டது. "என்ர கூட்டாளி சரீபா! இனி என்ர எல்லா ஓடருக்கும் இவதான் தைப்பா!"

சனம் முழுவதும் அன்ரியைத் திரும்பிப் பார்த்தது. அன்ரி முக்காட்டைச் சரிசெய்து, சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

"இருந்து சாப்பிட்டுப் போ. உனக்கு விளைமீன் குழம்பு வேறயா வச்சிருக்கிறன்," என்றார் அம்மா.

பிள்ளைகள் அமர்ந்தார்கள். முன்னால் இருந்து பார்த்தால் வெள்ளைத் துணி நீர்வீழ்ச்சி போல இறங்கித் தரையைத் தொட்டது. பின்னால் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கால்களை ஆட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளை மாமாவைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

முதல் கவளம் எடுக்க மெழுகுதிரியைத் தள்ளி வைத்தான் சின்ன டிலோஜன். அவன் முழங்கை பீற்றூட் கறிக் கோப்பையில் இடித்தது. சிவப்புச் சாறு வெள்ளை விரிப்பில் மெல்ல, மிக மெல்லப் பரவியது.

"ஐயோ!"

அம்மாவும் அன்ரியும் ஒரே நேரத்தில் ஒரே குரலில் அலறினார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்கள். சிரிப்பு நிற்கவேயில்லை.

றொஷேல் ஒரு பூச்சாடியைத் தூக்கி அந்தச் சிவப்பின்மேல் வைத்துவிட்டு, தன் சாப்பாட்டை எடுக்கப் போனாள்.