எண்ணெய் மருந்து கடைசியில்

"ஐயோ...!"

அண்ணியின் அலறல் சோயா வயல் முழுக்கக் கேட்டது.

மருந்துக் கொட்டகையில் நீல டிரம்முக்குள் தலை கவிழ்ந்து கிடந்தார் அண்ணன். கையில் உறை இல்லை. முகத்தில் மாஸ்க் இல்லை. உடம்பில் உயிரும் இல்லை!

தம்பி தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நன்றாகவே அழுதான். ஒரு மணி நேரத்துக்கு முன் அதே டிரம்முக்குள் முழங்கை நனைய அண்ணனின் முகத்தை அழுத்திப் பிடித்தவன் அவன்தான் என்று யார் நம்புவார்கள்? வயலை விற்கலாம் என்றால் கேட்டாரா மனுஷன்!

இன்ஸ்பெக்டர் வந்தார். பாதி நரைத்த மீசை. எதையும் லேசில் நம்பாத கண்கள்.

"எப்படிப்பா ஆச்சு?"

"பச்சைப்புழுவுக்கு மருந்து கலக்கினார் சார்... நெடி தாங்காம மயங்கி விழுந்துட்டார் போல..."

"பொய்!" அண்ணி வெடித்தாள். "கையுறை மாட்டாம அவர் பாட்டில் மூடியைக்கூடத் தொடமாட்டார்!"

"அவசரத்துல மறந்திருப்பார் அண்ணி..."

இன்ஸ்பெக்டர் டிரம்மை எட்டிப் பார்த்தார். கலவை கெட்டுப்போன பாலாகத் திரிந்திருந்தது. சுவரைப் பார்த்தார். அண்ணன் கையெழுத்தில் சாக்பீஸ் வரிகள்...

'முதலில் பாதி டிரம் தண்ணீர். பிறகு பொடி. எண்ணெய் மருந்து கடைசியில்!'

"எண்ணெய் மருந்தை முதல்ல ஊத்தினா திரிஞ்சுடும்னு தெரிஞ்சவர்... அவரே மாத்திக் கலக்குவாரா?"

தம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இழுபறியில் டிரம் கொட்டிப்போக, கைக்கு அகப்பட்டதையெல்லாம் ஊற்றி மறுபடி நிரப்பியவன் அவன்தான்... வெறும் கையோடு!

நெற்றி வியர்த்தது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. பயம்தான்... பயம் மட்டும்தானா?

"கை கழுவினியா?" இன்ஸ்பெக்டர் நெருங்கினார். "கண்ணுல கருமணி கடுகு மாதிரி சுருங்கிக் கெடக்கே... மருந்து உனக்கும் ஏறியிருக்குப்பா!"

தம்பி மடங்கி விழுந்தான். வாந்தி எடுத்தான்.

கான்ஸ்டபிள் அவன் சட்டையைக் கிழித்தெறிந்து சோப்புத் தண்ணீரை ஊற்றினார். இன்ஸ்பெக்டர் போட்ட போனில் டாக்டர் கத்தினார்.

"என்ன மருந்து? லேபிள்ல இருக்கிற பேரைப் படிங்க! அது தெரிஞ்சாத்தான் மாத்து மருந்து சொல்ல முடியும்! சீக்கிரம்!"

"அவர் மருந்துப் பெட்டி எங்கே?" அண்ணி தேடினாள். "பாட்டில், சீட்டு எல்லாம் அதுலதானே வைப்பார்!"

"எரிச்சிட்டேன்..." தம்பியின் நாக்கு குழறியது. "அவர் அஜாக்கிரதையா இருந்தார்னு காட்ட... கையிலேர்ந்து கழட்டின உறையை அதுல போட்டு... பெட்டியோட... ஐயோ, காப்பாத்துங்க சார்!"

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரே காலையில் வீட்டில் ரெண்டு சாவா?

"என்ன மருந்துன்னு உங்களுக்காவது தெரியுமாம்மா?"

"அவருக்கு மட்டும்தான் சார் தெரியும்..."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"அப்போ உங்க அண்ணனைத்தான் கேக்கணும்பா. ஆம்புலன்ஸ் வர ரெண்டு மணி நேரம் ஆகுமாம்... அதுக்குள்ள நீயே நேர்ல போய்க் கேட்டுடுவே!"