மாமன் ஏறிய பலகை

பகலவனுக்குப் பத்து வயதுதான். ஆனாலும் அவன் தாய்மாமன். கச்சிராயபாளையத்தில் அவன் அக்கா நிர்மலாவின் குழந்தைக்கு மறுநாள் காதுகுத்து. குழந்தை உட்கார வேண்டியது அவன் மடியில்தான்.

அம்மா முன்பே போய்விட்டாள். அவன் காலைப் பேருந்தில் வருவதாக ஏற்பாடு. அதற்குள் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கிவிட்டது. பேருந்து ஓடவில்லை. இளம்பிள்ளை வாதம் தாக்கிய காலோடு அவனால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது.

"வேற யாரு மடியிலயாவது வச்சிக் குத்திடுவாங்க. அப்புறம் நான் இன்னா மாமன்?" என்றான். அழுகை வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு ஜெயசுதாவிடம் சக்கரத்துக்கு ஆகிற மாதிரி நான்கு பழைய பேரிங்குகள் இருந்தன. "அழாத. வண்டி கட்டிடலாம். பலகதான் வேணும்," என்றாள்.

மரக்கடை ராஜாங்கம் துண்டுப் பலகைகளைக் காட்டினார். ஒன்று ரொம்பத் தடி. இழுத்தால் கை கழன்றுவிடும். இன்னொன்றின் நடுவில் ஒரு கணு. முறிந்தால் அங்கேதான் முறியும். மூன்றாவதை இரண்டு செங்கல்மேல் வைத்து ஏறி நின்றாள். லேசாக வளைந்தது. இறங்கியதும் நிமிர்ந்துகொண்டது.

"இதான்," என்றாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். மாமன் ஏறும் வண்டி ஆயிற்றே என்று பலகையைத் தேய்த்துக் கழுவி வெயிலில் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், ஓரங்கள் மேலே தூக்கிக்கொண்டு பலகை தொன்னை மாதிரிக் கிடந்தது.

"இன்னாடி பண்ணி வச்சிருக்க?" பகலவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"கம்முனு இரு. யோசிச்சிக்கினு இருக்கேன்."

தடவிப் பார்த்தாள். மேல்பக்கம் காய்ந்திருந்தது. அடிப்பக்கம் ஈரம். காய்ந்த பக்கம்தான் சுருங்கிவிட்டது போலும். தரையில் தண்ணீர் தெளித்து, அந்தப் பக்கம் ஈரத்தில் படும்படி கவிழ்த்துப் போட்டாள். இப்போது வெயில் அடிப்பக்கத்துக்கு.

பொழுது சாய்வதற்குள் பலகை நேராகிவிட்டது. ஜெயசுதாவின் அம்மா இருசம்மாள் சக்கரம் பூட்ட உதவினாள். காலையில் துணைக்கும் வந்தாள்.

பகலவன் பலகையில் உட்கார, ஜெயசுதா கயிற்றைப் பிடித்து இழுத்தாள். வழியில் ஒரு புளியமரத்தை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள்.

"இன்னிக்கு எந்த வண்டியும் போவக் கூடாது," என்றார் மறியல்காரர் ஒருவர்.

"காதுகுத்துக்கு மாமன் போறாருங்க," என்றாள் ஜெயசுதா.

அவர் குனிந்து மாமனைப் பார்த்தார். சிரித்துவிட்டார். "மாமன் இல்லாம எப்டி? தூக்குங்கப்பா."

நான்கு பேர் மாமனை வண்டியோடு தூக்கி, மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டார்கள்.

காதுகுத்து வீட்டில் தூரத்து மாமன் வேடியப்பன் சப்பணம் போட்டுத் தயாராக இருந்தார். பகலவனைக் கண்டதும் எழுந்து இடம் விட்டார். பகலவன் பலகையைவிட்டு இறங்கவே இல்லை. அதன்மேல் உட்கார்ந்தபடியே குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டான்.

காது குத்தியதும் குழந்தை வீறிட்டது. மாமன் மடி நனைந்தது. பலகையும் நனைந்தது.

"ஜெயசுதா, பலகைய நெழல்ல காய வைடி," என்றான் பகலவன்.