தடிக்குள் இருந்த இரும்பு

வட்டம் இந்தப் பக்கம் இருந்தது. சத்தம் அந்தப் பக்கம் வந்தது.

அவள் இரும்பைக் காட்டிக்கொடுக்கும் டிடெக்டரை, மரத் தடிமேல் போட்ட வட்டத்துக்கு மேலே மறுபடியும் கொண்டுபோனாள். சத்தமே இல்லை. ஒரு சாண் தள்ளிக் கொண்டுபோனாள். காதைக் குத்துகிற அந்தக் கீச்சொலி எழுந்தது. சாக்பீஸ் வட்டம் அவள் கையால் போட்டதுதான், அதுவும் இப்போதுதான், கணவன் உளியைத் தேடி உள்ளே போயிருந்த நேரத்தில். உளியோடு வெளியே வந்தவன் வட்டத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

“ஒரு வட்டம் ஒழுங்காப் போட வராதா உனக்கு?”

“சத்தம் வந்த இடத்துலதாங்க போட்டேன்.”

“அப்போ இரும்பு எந்திரிச்சு நடந்து போச்சாக்கும்.”

அவனிடம் சொல்லி மாளாது. இந்த மரம் விழுந்ததிலிருந்து வீட்டில் எது கோணினாலும் பழி அவள் தலையில்தான் வந்து விடிகிறது.

புயலில் மரம் வீட்டின் பின்பக்கம் சாய்ந்து, மகளுடைய அறைக் கூரையை அப்படியே உள்ளே இறக்கிவிட்டது. நல்லவேளையாக மகள் அன்று மாமா வீட்டில் தங்கியிருந்தாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள், அங்கிருந்தே பள்ளிக்கூடம் போகிறாள், சாயங்காலமானால் போன் செய்து “எப்பம்மா நான் வரட்டும்?” என்று கேட்கிறாள். அவளுடைய கட்டிலுக்கு மேலே இப்போது ஒரு தார்ப்பாய்தான் கூரை. காற்றடித்தால் அது உப்பி உப்பி அடங்குகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்கும். மழைக்காலம் வாசலில் வந்து நிற்கிறது. அதற்குள் கூரை ஏற வேண்டும், மகள் வீட்டுக்கு வர வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கடையில் மரம் வாங்கிப் போட்டிருந்தால் எப்போதோ முடிந்திருக்கும். ஆனால் அவள் கணவன் சுலபமான வழி இருக்கிற திசையில் தலைவைத்தும் படுக்காதவன். விழுந்த மரத்தையே அறுத்துக் கூரை தாங்கும் கைமரமும் பலகையும் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். அதற்காகவே, சக்கரம் வைத்து இழுத்துப் போகிற அறுவை மிஷின் ஒன்றை வாங்கக் கிளம்பினான். மர வேலை தெரிந்த அவள் அண்ணனும் கூடப் போனார். கடையில் இரண்டு விதம் இருந்தது. ஒன்றில் வட்ட ரம்பம். தடி கிடக்கிற இடத்திலேயே அதன் மேல் தண்டவாளத்தைப் பூட்டி அறுக்கலாம், தடியைத் தூக்கவே வேண்டாம். இன்னொன்றில் பட்டை ரம்பம்; தடியை மிஷினின் படுகை மேல் ஏற்றி, கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகுதான் அறுக்க முடியும்.

“மாப்ள, இவ்ளோ பெரிய தடிக்கு வட்ட ரம்பம்தான் சரி” என்றார் அண்ணன். “அதைத் தூக்கி ஏத்தறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சிடும்.”

“பாதி மரத்தைத் தூளாக்கிக் கொட்டறதுக்கா மச்சான் மிஷின் வாங்கறேன்? பட்டை ரம்பம்னா சேதாரமே தெரியாது.”

இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம். இரண்டு உத்தரங்களைச் சரிவாகச் சாய்த்து, தடியைச் சுற்றிக் கயிறு போட்டு, கைப்பிடி சுற்றி இழுக்கிற வின்ச்சால் இழுத்தார்கள். ஆண்கள் இருவரும் இரண்டு முனையில் கடப்பாரையால் நெம்ப, ஒவ்வொரு உருட்டலுக்கும் அவள் பக்கவாட்டில் நின்று நீளக் கட்டையால் ஆப்பைத் தள்ளிக் கொடுத்தாள். கீழ்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது என்று அண்ணன் தொண்டை கிழியக் கத்தினார். ஆப்பு ஒருமுறைகூட நழுவவில்லை. அதற்காக யாரும் அவளைப் பாராட்டவும் இல்லை.

முதல் அறுவையிலேயே ரம்பம் உள்ளே எதிலோ மோதிப் பல் பல்லாக உதிர்ந்தது. வீட்டோரத்து மரம், யாரோ எப்போதோ அடித்த ஆணியை விழுங்கி வளர்ந்திருக்கும் என்றார் அண்ணன். டிடெக்டர் ஒன்றை இரவல் வாங்கிக் கொடுத்து, “இரும்பு எங்க இருக்குன்னு பாத்து, தோண்டி எடுத்துட்டு அறுங்க” என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அதிலிருந்து இருவரும் தோண்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இப்போதும் சத்தம் வந்த புது இடத்தில் உளி இறங்கியது. சில்லுகள் பறந்தன. குழி ஆழமானதும் அவன் கையை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தான். அவளும் குனிந்தாள்.

குழியின் அடியில் இரும்பு இல்லை. ஒரு துளை இருந்தது. சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு, உள்ளே வளைந்து போகிற துளை. வண்டு துளைத்தால் தூள் இருக்கும். இதில் ஒரு பொட்டுத் தூள்கூட இல்லை. சுவர்கள் வழவழவென்று, ஈரமாக, வாயின் உட்பக்கம் மாதிரி இருந்தன. அதிலிருந்து வந்தது மர வாசனை இல்லை. சில்லறைக் காசை வெகுநேரம் கையில் மூடி வைத்திருந்தால் உள்ளங்கையில் வருமே, அந்த வாசனை.

“பழைய துளையா இருக்கும்” என்றான்.

டிடெக்டர் அவள் கையில் கத்தியது. வேறு இடத்தில்.

பிறகு நடந்தது வேலையா, துரத்தலா என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் சத்தத்தைக் கண்டுபிடிப்பாள், வட்டம் போடுவாள், அவன் பாய்ந்து வெட்டுவான், அடியில் துளை மட்டும் இருக்கும். இருட்டுவதற்குள் தடி முழுக்க அம்மைத் தழும்பு போலக் குழிகள். நடுவில் ஒரு தடவை பொறுமையிழந்து அப்படியே அறுக்கப் போனான். இன்னொரு ரம்பமும் போயிற்று. அவளுக்கு அழுகை முட்டியது. பயத்தால் இல்லை, ஆத்திரத்தால்.

“ஒவ்வொரு குழிக்கும் ஒரு கைமரம் போகுதுங்க. கூரையைத் தோண்டித் தோண்டித் தின்னுட்டு இருக்கீங்க. விட்டுத் தொலைங்க, அண்ணன்கிட்ட சொல்லி வேற மரம் கொண்டுவரச் சொல்லலாம்.”

“உங்க அண்ணன் சிரிக்கறதுக்கா?” அவன் தடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இது என்கிட்ட கண்ணாமூச்சி ஆடுது. விட மாட்டேன்.”

ஆணியைப் பற்றிப் பேசுகிற குரல் இல்லை அது. பக்கத்து வீட்டுக்காரன் ஒருவனைப் பற்றிப் பேசுவது மாதிரி இருந்தது. அவள் முதல் முறையாக டிடெக்டரை அணைத்துக் கீழே வைத்தாள்.

மறுநாள் அவன் புது உத்தி ஒன்று கண்டுபிடித்தான். இடது உள்ளங்கையைத் தடிமேல் அழுத்தி வைத்துக்கொண்டு வலது கையால் வெட்டினான். “கையில தெரியுது” என்றான். “உள்ள ஓடறது கையில தெரியுது.” அவள் டிடெக்டரைத் தடியோடு ஒட்டி நகர்த்தினாள். சத்தம் மெல்ல நகர்ந்து, குழிகளைச் சுற்றிக்கொண்டு, அவன் கையை நோக்கிப் போயிற்று. உள்ளங்கைக்கு அடியில் வந்தது. கத்தியது.

நின்றது.

அவள் தடியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கருவியைக் கொண்டுபோனாள். உருட்டிவிட்டு அடிப்பக்கமும் பார்த்தார்கள். எங்கேயும் சத்தம் இல்லை.

“பாத்தியா? ஓடிப்போச்சு” என்று அவன் சிரித்தான். எங்கே ஓடியது என்று அவள் கேட்கவில்லை. அந்த நிமிடத்தில் அவளுக்கு அது தேவையாகவும் இல்லை. புது ரம்பம் வெண்ணெயில் போவது போலப் போனது. குழி விழாத பக்கத்திலிருந்து நல்ல பலகைகள் ஒவ்வொன்றாக இறங்கின. முற்றமெல்லாம் ஈர மரத்தூள் மணம். அவள் மகளுக்குப் போன் செய்து, துணிமணியை எடுத்து வைக்கச் சொன்னாள். சந்தோஷத்தில் குரல் உடைந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது அவன் இடது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். பிறகு எழுந்துபோய் டிடெக்டரை எடுத்து வந்தான். மணிக்கட்டுக்கு மேலே வைத்ததும் அது கத்தியது.

“வாட்ச்சைக் கழட்டுங்க, அறிவாளி” என்று அவள் சிரித்தாள்.

கழற்றினான். மறுபடியும் வைத்தான்.

கத்தியது.

விடிந்தபோது அவன் படுக்கையில் இல்லை. பின்கட்டில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தான். மணிக்கட்டில் ஒரு சாக்பீஸ் வட்டம். முழங்கைக்குக் கீழே ஒன்று. அதற்கு மேலே ஒன்று. முதல் வட்டத்துக்குள் தோலை உளியால் கீறியிருந்தான், ரத்தம் காய்ந்திருந்தது.

“ஆஸ்பத்திரிக்கு வாங்க. இப்பவே.”

“போய்ச் சேர்றதுக்குள்ள அது எங்க இருக்குமோ. நெஞ்சுக்குப் போயிட்டா?” அவன் நிதானமாகத்தான் பேசினான். அந்த நிதானம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. “நேத்து அவசரப்பட்டேன். அதான் தப்பிச்சுது.”

கெஞ்சினாள். கத்தினாள். கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பொழுது முழுக்க இதுவேதான். தடியை நகர்த்தியவனை அவளால் நகர்த்த முடியவில்லை. கடைசியில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணனுக்குப் போன் செய்தாள். அவர் உடனே கிளம்புவதாகச் சொன்னார். “உளி, கத்தி எதையும் கண்ணுல படற மாதிரி வைக்காதம்மா.” அவள் எல்லாவற்றையும் ஒரு துணியில் சுருட்டி மகளுடைய கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். தலைக்கு மேலே தார்ப்பாய் உப்பியது, அடங்கியது. தூறல் அதன்மேல் பொடிப்பொடியாக விழத் தொடங்கியிருந்தது.

அப்போது வெளியே மிஷினின் எஞ்சின் கிளம்பியது.

உளியை ஒளித்தவளுக்கு ரம்பத்தின் நினைவு வரவே இல்லை.

ஓடினாள். அந்தி வெளிச்சத்தில், தடி கிடந்த படுகையில், அவன் படுத்திருந்தான். மிச்சத் தடியை அப்பால் உருட்டித் தள்ளியிருந்தான், தனியாளாக. இடது கை நீட்டி, கிளாம்ப்புக்கு அடியில் இறுக்கப்பட்டிருந்தது. தோளில் புது வட்டம். ரம்பம் அந்தக் கோடியில் சும்மா சுழன்றுகொண்டிருந்தது.

“வந்துட்டியா, நல்லது” என்றான். “ஒரு கையால கருவியையும் பிடிச்சு மிஷினையும் தள்ள முடியல. நீ மிஷினைத் தள்ளு.”

அவள் அவன்மேல் விழுந்தாள். இரண்டு கையாலும் தோளைப் பற்றிக்கொண்டாள். “வேணாங்க. நம்ம பொண்ணை நினைச்சுப் பாருங்க. கூரையே வேணாம், எதுவுமே வேணாம்.” அழுதாள். அவள் உள்ளங்கைக்குக் கீழே, அவன் தோலுக்கு அடியில், பட்டாணி அளவுக்கு ஏதோ உருண்டது. நின்றது. ஜில்லென்று இருந்தது.

பிறகு அங்கே எதுவும் இல்லை.

அவன் மூச்சை இழுத்து விட்டான். டிடெக்டரை எடுத்துத் தோளில் வைத்தான். நெஞ்சில், கழுத்தில், வயிற்றில். சத்தமில்லை. கிளாம்ப்பைத் திருகிக் கையை விடுவித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். சிரித்தான். அவளுக்குப் பழக்கமான சிரிப்பு, அந்தப் பழைய மனிதன். “போயிடுச்சு” என்றான். “நிஜமாவே போயிடுச்சு.”

அவள் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அவன் சிரிப்பு நின்றது. டிடெக்டர் அவள் பக்கம் திரும்பியது. கத்துவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மணிக்கட்டுக்கு உள்ளே, குளிர்ச்சியாக, வழி தேடுகிற அது.

ஓடியிருக்கலாம். அண்ணன் வந்துகொண்டிருக்கிறார். ஆனால் கால் எழவில்லை. எடுத்துவிட்டால் தேவலை என்று அவளுக்கே ஒரு கணம் தோன்றியது. வேறு எதையும்விட அந்த எண்ணம்தான் அவளை நடுங்க வைத்தது.

“பயப்படாத” என்றான். தடியைப் பார்த்த அதே பார்வை. “உன்கிட்ட இருந்து அதைத் தப்ப விட மாட்டேன்.”

அவள் கையை மெதுவாக, அன்பாக, படுகையில் நீட்டி வைத்தான். கிளாம்ப் இறுகியது. இரும்பு. எஞ்சின் சத்தம். தூறல். சாக்பீஸ் அவள் தோலில் உரசிக்கொண்டு சுற்றிவந்தது. வட்டம் முடிவதற்குள் உள்ளே அது நகர்ந்து முழங்கையைத் தாண்டிவிட்டது.

அவன் எரிச்சலோடு வட்டத்தை அழித்துவிட்டு மேலே இன்னொன்று போட்டான்.

“அசையாத” என்றான். “அசையாதன்னு சொல்றேன்ல.”

அவள் அசையவே இல்லை.