இப்ப மூச்சு விடலாம்

எலும்பு அசைந்திருந்தது.

முழு எலும்பும் அல்ல. பஞ்சுத் திண்டில் அழுத்தி, மேலே பட்டையும் ஒட்டி, பழைய சிடி ஸ்கேனருக்குள் வைத்த காதெலும்பு வைத்த இடத்தில்தான் இருந்தது. அதற்குள்ளே நத்தைக்கூடு மாதிரிச் சுருண்டிருக்கும் பகுதிகூடத் திரையில் ஒழுங்காகத் தெரிந்தது. ஆனால் வெளியே பிறக்கும் ஒலியை உள்ளே தட்டிக் கொடுக்கிற அங்கவடி எலும்பு, அரிசியில் பாதிகூட இல்லாத அந்தத் துணுக்கு மட்டும், ஒரு விளிம்புக்கு இரண்டு விளிம்பாகக் கலங்கியிருந்தது.

"பழைய மெஷினு, வேற எப்படித் தெரியும்?" என்றார் டாக்டரம்மா. "இதுக்குத்தானே புது மெஷினோட கம்பேர் பண்றோம். ரெண்டுலயும் எடுத்துப் பாத்துட்டா, இதை மூட்டை கட்டிடலாம்."

டெக்னீஷியன் தலையாட்டினான். மனசு ஒப்பவில்லை. மெஷின் மக்கு என்றால் படம் முழுக்க மங்க வேண்டும். விளிம்பு இரட்டித்தால் உள்ளே இருப்பவர் ஆடிவிட்டார் என்று அர்த்தம். இங்கே உள்ளே இருப்பவரோ, உடம்பை மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்துவிட்டு எப்போதோ செத்துப்போன யாரோ ஒருவர்.

மறுபடி பொத்தானை அழுத்தினான். ஸ்பீக்கர் பேசியது.

"மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க."

வளையம் சுழன்று ஓய்ந்தது.

"இப்ப மூச்சு விடலாம்."

"எலும்புக்குமா இதெல்லாம்?" என்று சிரித்த டாக்டரம்மா சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். அது யார் குரல் என்று அந்தத் தளத்தில் எல்லோருக்கும் தெரியும். மெஷினோடு வந்த குரல் அதட்டுகிற மாதிரி இருக்கிறது, பிள்ளைகள் மிரளுகிறார்கள் என்று, இதே நாற்காலியில் வேலை பார்த்த அவன் மனைவிதான் தன் குரலைப் பதிந்து வைத்தாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகு, தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லா ஸ்கேனுக்கும் அவன் அதைப் போட்டுவிடுவான். அவள் குரல் வேறு எதிலும் இல்லை. ஸ்பீக்கரிலிருந்து போனில் பிடித்துப் பார்த்தான்; வெறும் இரைச்சல்தான் பதிந்தது. கேமராவைக் கண்டாலே வாயை மூடிக்கொள்கிற ஜாதி அவள்.

டாக்டரம்மா வார்டுக்குப் போனதும் குரலை நிறுத்திவிட்டு எடுத்துப் பார்த்தான். அங்கவடி கல்லாகக் கிடந்தது. குரலோடு எடுத்தான். இரண்டு விளிம்பு. மைக்கில் தன் குரலிலேயே, "அசையாதீங்க" என்று சொல்லிப் பார்த்தான். கல்.

அந்தக் காது அவளுக்கு மட்டும் அதிர்ந்தது.

இன்னொரு தடவை எடுக்கப் பொத்தானுக்குக் கை நீட்டினான். அதற்குள் பழைய மெஷினைக் கழற்ற வேண்டிய இன்ஜினியர் பெட்டியோடு வந்துவிட்டார்.

"சார், அந்தக் குரலை மட்டும் எடுத்துக் குடுக்க முடியாதா?"

"அது மெஷினுக்குள்ளயே பதிஞ்சது சார். தனியா வராது. தப்பா எடுத்துக்காதீங்க."

சுவரிலிருந்த மெயின் சுவிட்சின் கைப்பிடியை இறக்கினார். இத்தனை வருஷமாக இருப்பதே தெரியாமல் இருந்த விசிறிச் சத்தம் ஒன்று தேய்ந்து தேய்ந்து நின்றது. அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டான். அவளை இரண்டாம் தடவை அனுப்பிவைத்த மாதிரி இருந்தது.

வேலை பாக்கி இருந்தது. எலும்பைப் பக்கத்து அறைக்கு எடுத்துப்போய்ப் புது ஸ்கேனரில் வைத்தான். புதுப் பெயிண்ட் வாசம், பிரிக்காத பிளாஸ்டிக் உறையின் வாசம், காலுக்கடியில் ஏறும் ஏசிக் குளிர். இதற்கு இன்னும் யாரும் குரல் ஏற்றவில்லை. சத்தமில்லாமல் சுழன்றது. முடியை நாலாகக் கிழித்தது போல மெல்லிசாக வெட்டிக் காட்டும் மெஷின். நத்தைக்கூட்டின் ஒவ்வொரு சுற்றும், ஒவ்வொரு சுவரும், கூரிய பென்சிலால் வரைந்த மாதிரி வந்தது.

அங்கவடி இரட்டித்திருந்தது.

வேறு எலும்பை வைத்தான். அதிலும். எலும்புப் பெட்டியிலிருந்த அத்தனையும் எடுத்து முடித்துத் திரையில் வரிசையாகப் போட்டான். எல்லாம் தெளிவு. எல்லாவற்றிலும் அந்தத் துணுக்கு மட்டும் நடுங்கியது.

அவள் பேசிக்கொண்டிருக்கிறாள். இங்கேதான். இப்போது. முகம் தெரியாதவர்களின் செத்த காதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கின்றன. கட்டின புருஷன் காதில் மட்டும் விழவில்லை.

ஒரு எலும்பை எடுத்துத் தன் காதோடு வைத்து அழுத்தினான். சில்லென்றிருந்தது. கடைசி நாளில் ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் அவள் என்னவோ சொன்னாள். இப்படித்தான் காதை ஒட்டி வைத்தான். அன்றைக்கும் கேட்கவில்லை.

"என்னம்மா? சத்தமாச் சொல்லேன்."

எலும்பைப் பெட்டியில் திருப்பி வைத்தான்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் படுக்கையில் ஏறினான். எலும்புகள் கிடந்த திண்டிலேயே தலையை வைத்தான். கண்ணை மூடினான்.

ஏசிச் சத்தம் விலகியது. அப்புறம் அவன் நெஞ்சின் சத்தம். அதுவும் விலகியது.

மிக அருகில், தலைக்குள் எலும்பைத் தொட்டுக்கொண்டு, கேட்டது.

"மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க."

அவள்தான். கண்ணோரம் வழிந்தது காதுக்குள் இறங்கியது. துடைக்கவில்லை. அவள் அசையக் கூடாது என்றிருக்கிறாள். மூச்சை இழுத்தான். பிடித்தான்.

அடுத்த வரி வரும். எப்போதும் வரும்.

நெஞ்சு முட்டியது. விரல்கள் மரத்தன.

அவள் சொல்லட்டும்.

அவன் அசையாமல் கிடந்தான்.