சத்தம் நிற்கும் வரைக்கும்

மத்தியானம் மல்லாந்து படுத்தபோது துஷ்யந்தி முகத்தை வாசல் பக்கம்தான் வைத்திருந்தாள். கொடியில் கிடக்கும் துணியை மழைக்கு முன்னால் எடுக்க வேண்டுமே என்ற நினைப்பில், கண் செருகும்வரை அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தது நன்றாக ஞாபகம் இருந்தது. விழித்தபோது மூக்கை உரசிக்கொண்டு சுவர். நேற்றிலிருந்து இடப்பக்கம் இம்மியும் திரும்பாத கழுத்து, அவளைக் கேட்காமலே திரும்பியிருந்தது. காலையில்தான் மாற்றிய தலையணை உறையில் கராம்பு எண்ணெய் வாசம் அடித்தது.

அது அந்த ஆளின் கை வாசம்.

நேற்று கண்டி டவுனில், கடைகளுக்கு மேலே புதிதாகத் திறந்திருந்த அறையில், முதுகெலும்பைச் சீராக்குகிறேன் என்று சொன்ன அந்த மனிதர் அவளுக்குப் பின்னால் நின்று தாடையைப் பிடித்தார். குளிர்ந்த விரல்கள். ஒரே திருப்பு. அடுப்புக்குக் காய்ந்த தேயிலை மிலாறுக் குச்சியை முறிக்கிற மாதிரி, டக்.

"இன்னைக்கு ஒரு பக்கம் போதும். மத்தது அடுத்த கிழமை. வலிக்கும், பயப்படாதீங்க. அதுவரைக்கும் வேற யாரையும் கழுத்துல கை வைக்க விடாதீங்க."

இரவெல்லாம் வலித்தது. காலையில் வீரையா இரண்டு வீரையாவாகத் தெரிந்தான்.

"அந்த ஆளு டொக்டரா என்னா?" என்றான் அவள் புருஷன்.

"சுவத்துல சர்டிபிகேட் மாட்டியிருந்திச்சு."

"சலூன்காரனும்தான் மாட்டியிருக்கான்." சிரித்தவன் அவள் கண்ணைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "இன்னைக்கு லீவு குடுக்க மாட்டாங்க. பின்னேரம் வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போவோம். அதுவரைக்கும் கழுத்த அசைக்காம கெட."

அவன் வரும்வரை தாங்கினால் போதும். இப்போது அதை மட்டுமே நினைத்துக்கொண்டு படுக்கையிலிருந்து எழுந்து கதிரையில் உட்கார்ந்தாள். மழை பிடித்துக்கொண்டது. மஹய்யாவ குடியிருப்பு முழுக்கத் தகரக் கூரைகள் இரைய, வீட்டுக்குள் பகலிலேயே இருட்டு கட்டியது.

குடையை மடக்கியபடி புஷ்பம் வந்தாள். வீரையாவின் தங்கை, இன்னும் ஹந்தானைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுப்பவள்.

"என்ன அண்ணி, மகாராணி மாதிரி விறைச்சிக்கிட்டு இருக்கீங்க?"

துஷ்யந்தி சொன்னாள். புஷ்பம் தன் மோவாயில் கை வைத்தாள். "பாதியிலயா விட்டான்? பாதியில விட்டா பிடிச்சிக்கும்னு தெரியாதா அவனுக்கு?"

மலையில் அது பழக்கம். தலைக்கயிற்றில் கூடையைச் சுமந்த பெண்கள் கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்த பிறகு ஒருத்திக்கு ஒருத்தி கழுத்தில் நெட்டி எடுப்பார்கள். சத்தம் நிற்கும்வரை எடுக்க வேண்டும், நடுவில் விடக்கூடாது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே துஷ்யந்திக்கு எடுத்தது புஷ்பத்தின் கைதான்.

வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தாள். வலி முந்திக்கொண்டது.

"மெதுவா, புஷ்பம்."

புஷ்பம் பின்னால் போய் நின்றாள். விரல்கள் தாடையைப் பிடித்தன. எதிரே வாசற்கதவு.

டக்.

அப்பாடா என்றிருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது.

டக். தையல் மெஷின் தெரிந்தது.

டக். அலுமாரி.

"போதும், புஷ்பம்."

"சத்தம் இன்னும் வருதே, அண்ணி."

டக். முருகன் கலண்டர். அது அவளுடைய தோளுக்குப் பின்னால் தொங்குவது. அவ்வளவு தூரம் யாருக்கும் திரும்பாது. ஆனால் வலி இல்லை. துளியும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. விரல்கள் குளிர்ந்திருந்தன. கராம்பு வாசம் நெஞ்சை அடைத்தது.

"கையில என்னா பூசியிருக்க?"

பிடி இறுகியது.

"புஷ்பம், விடு."

மழை. கூரை. யாரோ மூச்சுத் திணறும் சத்தம்.

டக்.

பின்சுவர் வந்தது. சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள் புஷ்பம். கண்கள் பிதுங்கியிருந்தன. வாயை இறுகப் பொத்தியிருந்தாள்.

இரண்டு கையாலும்.

துஷ்யந்தியின் தாடையில் விரல்கள் இன்னும் அழுத்தின.

கதவு திறந்தது. சாரல் அடித்தது. அவளுடைய முழங்காலில் பட்டது. பின்மண்டையிலும் பட்டது.

"கெளம்பிட்டியா, துஷி? ஆட்டோ நிக்கிது..."

வீரையாவின் குரல் நின்றது.

டக்.