கல் சாய்ந்த பக்கம்

சுவரில் இருந்த கூழாங்கற்கள் தப்பான பக்கம் சாய்ந்திருந்தன.

அவள் ஹெல்மெட் விளக்கைத் திருப்பி இன்னொரு முறை பார்த்தாள். நிலவியல் படித்தவளுக்கு இது அரிச்சுவடி. ஓடுகிற ஆறு தட்டைக் கற்களைத் தான் போகும் திசைக்கே சாய்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டுப் போகும். இந்த மலைக்குள் ஓடிய ஆற்றை எப்போதோ எரிமலைக் குழம்பு மூடிவிட்டது. அதன் சரளையில் தங்கம் இருப்பதை மோப்பம் பிடித்தவர்கள் ஆறு போன வழியிலேயே சுரங்கம் வெட்டி, சரளையை வண்டி வண்டியாக வெளியே தள்ளி, மரக்கால்வாயில் அலசினார்கள். தங்கம் கனமானது, அடியில் தங்கிவிடும். ஒருநாள் உள்ளே தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்தது. இருந்தவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை, பிணமாகவும் கிடைக்கவில்லை.

சுரங்க வாயை அடைப்பதற்கு முன் அளந்துவிடச் சொல்லி அவளையும், சர்வேயரான அவள் கணவனையும் அனுப்பியிருந்தார்கள். காலையில் நுழைந்தபோது கற்கள் எல்லாம் வாசல் பக்கம் சாய்ந்திருந்ததை அவளே அவனுக்குத் தொட்டுக் காட்டினாள். கிளை வழிகளில் சுற்றிவிட்டு இப்போது வாசலை நோக்கி நடக்கையில், அவை எதிர்ப்பக்கம், அவர்கள் வந்த வழியை நோக்கிச் சாய்ந்திருந்தன.

"ஏங்க, நில்லுங்க. நாம உள்ள போய்க்கிட்டு இருக்கோம்."

"இல்லையே, காம்பஸ் இந்தப் பக்கம்தான் காட்டுது."

"இங்க எல்லாம் கருமணல். அத்தனையும் இரும்பு. காம்பஸ் கிறுக்குப் பிடிச்ச மாதிரிதான் காட்டும். கல்லு மாறாதுங்க."

"சரி தாயே. வீட்லயும் உன் ராஜ்ஜியம், இங்கயும் உன் ராஜ்ஜியம்." சிரித்தபடி அவன் திரும்பிக்கொண்டான். அவன் விளக்கு மங்க ஆரம்பித்திருந்தது. அது அணைவதற்குள் வெளியே போய்விட வேண்டும், பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு மகள் வீட்டு வாசலில் வந்து நிற்பாள்.

அவள் முன்னால் நடந்தாள். காலையில் தூசி பறந்த தரை இப்போது பூட்ஸுக்கு அடியில் மெத்தென்று அமுங்கியது, உலராமல் மடித்து வைத்த துணியின் வாடை எங்கிருந்தோ கிளம்பி மூக்கில் ஏறியது, எங்கோ ஆழத்தில் கல்லோடு கல் உரசி உருளும் சத்தம், வெள்ளத்தின் அடியில் கேட்பது போல, விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. பயமாக இருந்தது. அடம் பிடித்து இந்தப் பக்கம் கூட்டி வந்தவளே இப்போது பயம் என்று சொன்னால் காலம் முழுக்கக் கேலி செய்வான். பின்னால் அவன் காலடி கேட்டுக்கொண்டே இருந்ததில் கொஞ்சம் தைரியம்.

சுவரில் ஒரு கல் அசைந்தது.

தூக்கத்தில் ஒருவர் புரண்டு படுப்பதைப் போல, மெதுவாக, இன்னும் உள்பக்கமாகச் சாய்ந்தது. அடுத்தது. அதற்கு அடுத்தது. சுவர் நெடுக.

கல் மாறும். மாறியிருக்கிறது. காம்பஸ்தான் சரி. அவனை இவ்வளவு தூரம் உள்ளே இழுத்து வந்தது அவள்தான்.

"ஏங்க, திரும்புங்க. தப்பு என்னோடதுதான். ஓடுங்க!"

காது கொடுத்தாள்.

பின்னால் காலடி இல்லை.

திரும்பினாள். விளக்கு ஆடியது. ஒரு கையால் பிடித்து நிறுத்தினாள்.

வழி இருந்த இடத்தில் சரளை. அதில் வரிசையாக ஆட்கள். நசுங்கித் தட்டையானவர்கள். ஒருவர் தோள்மேல் ஒருவர். வாய் நிறையக் கருமணல். எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தார்கள், அவளை நோக்கி.

அவளுக்கு மிக அருகில், கடைசி ஆளாக அவன். மார்பு வரை சரளைக்குள். கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்தது. ஏதோ சொல்ல உதடு பிரிந்ததும் மணல் கொட்டியது.

மற்றவர்கள் எல்லோருக்கும் சாய்ந்துகொள்ள முன்னால் ஓர் ஆள் இருந்தார். அவனுக்கு மட்டும் இல்லை. அங்கே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு, அவன் அவளிடம் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.