காளியம்மாவின் ரேகை

அடுப்பு எரிகிற வீட்டில் ஈரச் சிமெண்டு வாசம் எங்கிருந்து வரும்? கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த காளியம்மா மூக்கைச் சுளித்தாள். வெளியே மூடுபனி லயத்து வீடுகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருக்க, பின்பக்கத்தில் அவள் இறுக்கி மூடிய குழாயில் யாரோ சாவகாசமாகக் கை கழுவுகிற சத்தம் கேட்டது.

மதியம்தான் தானா ராத்தா டவுன் ஸ்டேஷனிலிருந்து போலீஸ்காரர் ராதாகிருஷ்ணன் வந்து போயிருந்தார். சிங்கப்பூரில் கட்டடம் கட்டுகிற இடத்தில் ஒரு பையன் செத்துக் கிடந்தானாம். பெயர் பழனியப்பன், ஊர் கேமரன் மலை என்று கூட வேலை செய்தவன் சொன்னானாம். அங்கத்திய போலீஸ் பிணத்தின் கைரேகையை இங்கே அனுப்பி, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருந்த அவள் மகனின் அடையாளக் கார்டு ரேகையோடு ஒத்துப் பார்க்கச் சொல்லியிருந்தது.

"ரேகை சேரல லா, அம்மா. அது ஒங்க மகன் இல்ல. அனாதப் பொணம்னு அங்கயே எரிச்சிருவாங்க. நீங்க சந்தோசமா இருங்க."

தலையாட்டினாள். பாவி, தலையாட்டிவிட்டாள்!

எழுபதாம் வருடம் அடையாளக் கார்டு எடுக்கத் தோட்டத்துக்கே அதிகாரிகள் வந்த அன்று, பழனியின் கட்டைவிரலைக் கவாத்துக் கத்தி கிழித்ததால் கட்டுப் போட்டிருந்தது. "நீயே ரேகைய வச்சிரு காளியம்மா, எந்தத் தொர வந்து பாக்கப் போறாரு?" என்றார் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி. பிள்ளையின் கார்டில் தன் கட்டைவிரலை வைத்தாள். பெற்றவள் கை வேறு, பிள்ளை கை வேறா என்று எல்லாரும் சிரித்தார்கள்.

இப்போது உண்மையைச் சொன்னால் ஜெயில். அதைவிட, சொல்லிவிட்டால் பிள்ளை செத்தது நிஜமாகிவிடும்.

குழாய் நின்றது. ஈரக் காலடிகள் பின்வாசலைத் தாண்டின.

"பழனி?"

சிமெண்டு வாசம் நெருங்கியது.

"தப்புதான்யா. விடிஞ்சதும் போயி சொல்லிடுறேன். கார்டுல இருக்கிறது என் ரேகைதான்னு வச்சுப் பாக்கச் சொல்றேன். ஒன் பேரச் சொல்லித்தான்யா ஒனக்குக் கொள்ளி வைக்கணும்."

குளிர்ந்த விரல்கள் அவள் கட்டைவிரலைப் பற்றின. உதறவில்லை. பெற்றவள் எப்படி உதறுவாள்? அந்தப் பிடி தடவியது. அழுத்தியது. தேய்த்தது. தேய்த்துக்கொண்டே இருந்தது. வலிக்கவில்லை. அதுதான் பயம்.

பிடி விட்டது.

விளக்கருகே விரலை நீட்டினாள். ஒரு கோடு இல்லை. உரித்த முட்டையாக வழுவழுத்தது. தன் பேரில் பதிந்திருந்த ரேகையை அவன் எடுத்துக்கொண்டான்.

"என்னப் பெத்த ராசா, இனி எதக் காட்டி ஒன்ன எம்புள்ளன்னு சொல்லுவேன்?"

பனி பூத்த ஜன்னல் கண்ணாடியில், உள்பக்கம், ஒரு ரேகை விழுந்தது. அவளுடையது. பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. கண்ணாடி நிறைந்ததும் சுவரில் இறங்கி, அவன் பாயைச் சுருட்டி வைத்திருந்த மூலையை நோக்கி, ஈரமாக, ஒன்றன்பின் ஒன்றாக அவை விழுந்துகொண்டே போயின.